'கரன்ட் சிடிசி எவ்வளவு?': வேலைத் தளங்களும் கன்சல்டன்சிகளும், ஒரு வடசென்னை ரிவ்யூ

நௌக்ரி என்ற வேலைத் தளத்தில் ஒரு வேலை அறிவிப்பைத் திறந்து பாருங்கள். சம்பளம் போட வேண்டிய இடத்தில் பல நேரம் 'நாட் டிஸ்க்ளோஸ்டு' என்றுதான் இருக்கும். சரி, போட்டுப் பார்ப்போம் என்று விண்ணப்பப் பட்டனைத் தட்டினால் ஒரு சாட் பெட்டி திறந்து கேட்கும்: உங்கள் கரன்ட் சிடிசி, அதாவது கம்பெனி இப்போது உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, எத்தனை லட்சம்? கடைக்காரர் விலையைச் சொல்லமாட்டார், நம் பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்பார் என்கிற கதைதான்.

இந்த ரிவ்யூ பார்ப்பது ஒன்றே ஒன்று. பழைய சம்பளத்தை எந்தச் சேவை எப்படிக் கேட்கிறது, வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்கிறது, எங்கே சொல்லலாம், எங்கே தள்ளிப்போடலாம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கமிருந்து வேலை மாறுகிறவர்களுக்காக எழுதியது. ஷிப்பிங் டாக்குமென்டேஷன், சிஎஃப்எஸ் (கன்டெய்னர் சரக்குக் கிடங்கு), மணலி பிளான்ட்டுகளில் காண்ட்ராக்ட் வேலை, எண்ணூர், கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகள், இங்கிருந்து ஓஎம்ஆர் (தெற்கே ஐடி கம்பெனிகள் உள்ள சாலை) பக்கம் போகிறவர்கள் எல்லாருக்கும் பொருந்தும்.

சட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று தனியார் கம்பெனிகளைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் 2016-ல் தடைச் சட்டம் இயற்றி 2018 ஜூலையில் அமலுக்குக் கொண்டுவந்தது; கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரியிலிருந்து தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 சம்பள வெளிப்படைத்தன்மை உத்தரவும் இந்தக் கேள்வியைத் தடுக்கிறது; உறுப்பு நாடுகளுக்கு 2026 ஜூன் வரை கெடு. அந்த நாட்டுக் கம்பெனியாக இருந்தாலும் சென்னையில் ஆள் எடுக்கும்போது அந்தச் சட்டம் இங்கே செல்லாது. 'உங்க ஹெட் ஆஃபீஸ்ல இப்படிக் கேக்க மாட்டாங்களே' என்று ஹெச்ஆரிடம் வாதாடிப் புண்ணியமில்லை.

முதலில் எந்த எண்?

சொல்லலாமா கூடாதா என்று யோசிப்பதற்கு முன்னால், சொல்லப்போவது எந்த எண் என்று தெரிய வேண்டும். பணம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

மாத கிராஸ், அதாவது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம், 30,000 வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 15,000, மீதி எச்ஆர்ஏ என்ற வீட்டு வாடகைப் படியும் மற்ற அலவன்ஸும். பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,800, பிடித்தம். மாநகராட்சித் தொழில்வரி அரையாண்டுக்கு 1,250, மாதக் கணக்கில் சுமார் 208. கையில் வருவது ஏறக்குறைய 28,000, ஆண்டுக்கு 3.36 லட்சம். கிராஸ் கணக்கில் 3.60 லட்சம். கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800, கிராஜுவிட்டிக்கு பேசிக்கில் 4.81 சதவீதம், அதாவது சுமார் 722, இரண்டையும் சேர்த்தால் சிடிசி 3.90 லட்சம்.

ஆள் ஒருவர், வேலை ஒன்று, எண் மூன்று. 'எங்க பாலிசி 30 சதவீத ஹைக்' என்று சொல்லும் கம்பெனியில் 3.36 சொன்னவருக்கு 4.37 லட்சம் வரும், 3.90 சொன்னவருக்கு 5.07. எழுபதாயிரம் வித்தியாசம். அதுவும் அவர்கள் தருவது சிடிசி கணக்கில். நாம் சொன்னது கையில் வரும் கணக்கில் என்றால் இரண்டு பக்கமும் நஷ்டம். சிடிசி என்று கேட்டால் சிடிசியைத்தான் சொல்ல வேண்டும். ஆஃபர் லெட்டரோடு வரும் சம்பள விவரத் தாளான அனெக்சரிலோ கடைசி அப்ரைசல் லெட்டரிலோ அந்த எண் இருக்கும். கடிதமே தராத கம்பெனி என்றால் மேலே உள்ளபடி சம்பளச் சீட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிராஸ் 21,000 வரை இருப்பவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு; அரசுத் தொழிலாளர் காப்பீடு, அதன் மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கும். கம்பெனி பங்கு 3.25 சதவீதம், நம் பங்கு 0.75. கம்பெனி பங்கும் சிடிசியில் சேரும். 20,000-லிருந்து 22,000-க்குத் தாவுகிறவர்கள் இஎஸ்ஐ வளையத்தை விட்டு வெளியே வருகிறார்கள். வீட்டில் வயதானவர்கள் அந்த மருத்துவமனையை நம்பி இருந்தால் 2,000 ஏற்றம் ஏற்றமே இல்லை. புதுக் கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் தருமா, அதில் அப்பா அம்மா உண்டா என்று கேட்காமல் சரி சொல்லாதீர்கள்.

நௌக்ரி

பழைய சம்பளத்தை வைத்து ஆளை வடிகட்டுவதில் இதுதான் கெட்டி. ப்ரொஃபைலில் நாம் போடும் ஆண்டுச் சம்பளம் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. கம்பெனிகளும் கன்சல்டன்சிகளும் காசு கட்டித் தேடும் ரெஸ்டெக்ஸ் என்ற பகுதியில் அனுபவம், ஊர், சம்பளம் என்று வரம்பு போட்டுத் தேடுவார்கள். 'டாக்குமென்டேஷன் எக்ஸிகியூட்டிவ், சென்னை, 3 முதல் 6 வருடம், 3 முதல் 5 லட்சம்' என்று ஒருவர் தேடும்போது உங்கள் ப்ரொஃபைலில் 2.4 என்றிருந்தால் உங்கள் பெயர் அந்தப் பட்டியலுக்கே வராது. அந்த இடத்துக்கு 4 லட்சம் தரத் தயாராக இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியவும் வராது.

அப்போது காலியாக விட்டால்? அதே தேடல் பக்கத்தில் 'சம்பளம் குறிப்பிடாதவர்களையும் சேர்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. தேடுகிறவர் அதில் டிக் போட்டால் வருவீர்கள், இல்லையென்றால் மாட்டீர்கள். நானூறு பேர் வந்து நிற்கும்போது யார் அதில் டிக் போடப்போகிறார்கள்?

ஆகவே நௌக்ரியில் ஒளிப்பதில் லாபம் குறைவு. சரியான எண்ணைப் போடுங்கள், கையில் வரும் தொகையை 12-ஆல் பெருக்கிப் போடாதீர்கள். ஃபிக்ஸட் (உறுதியாக வருவது), வேரியபிள் (கூடிக் குறைவது) என்று பிரித்துக் கேட்கும் இடத்தில் பிரித்தே கொடுங்கள். ஹைக் வந்த மாதமே திருத்துங்கள். சந்தை விலைக்கு ரொம்பக் கீழே வாங்குகிறவர்கள், ரெக்ரூட்டர் தேடி வரட்டும் என்று காத்திராமல் நேரடி விண்ணப்பம், தெரிந்தவர் வழி ரெஃபரல் இரண்டிலும் கூடுதலாக இறங்க வேண்டும். சம்பள வரம்பு போட்டுத் தேடும் இடத்தில் அவர்கள் தெரியவே மாட்டார்கள்.

இன்னொன்று, இப்போதைய கம்பெனியின் கண்ணில் படாமல் இருக்க செட்டிங்ஸில் கம்பெனிகளை பிளாக் செய்யும் வசதி இருக்கிறது, வேலை செய்கிறது. ஆனால் ஒரே குழுமத்தில் இரண்டு மூன்று பெயரில் கம்பெனி இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக பிளாக் செய்ய வேண்டும். உங்கள் கம்பெனிக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சியை இது தடுக்காது. ஷிப்பிங் லைனில் பாரிமுனையிலிருந்து மணலி வரை எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

தளத்தின் தரம் பற்றிச் சொன்னால், ஆள் தேடுகிறவருக்கு 5-க்கு 4. வேலை தேடுகிறவருக்கு 3 கொடுப்பதே தாராளம். சம்பளத்தை மறைக்கும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடைப்பதுதான் காரணம்.

சந்தை விலை பார்க்க அம்பிஷன்பாக்ஸ் உதவும். நௌக்ரியை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் கையில்தான் அதுவும் இருக்கிறது. சராசரியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். எத்தனை பேர் சொன்ன சம்பளம், எத்தனை வருட அனுபவக்காரர்கள், எந்த ஊர் என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் அந்த எண்ணுக்கு மரியாதை.

லிங்க்டின், அப்னா

லிங்க்டின் ப்ரொஃபைலில் சம்பளத்துக்கு இடமே கிடையாது. அந்த வகையில் நிம்மதி. கேள்வி வருவது ஈஸி அப்ளையில், அதுவும் கம்பெனி தானாகச் சேர்க்கும் கேள்வியாக. எண் மட்டும் ஏற்கும் கட்டத்தில் '4.2 எல்பிஏ' (ஆண்டுக்கு 4.2 லட்சம்) என்று எழுதினால் சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். லட்சத்தில் கேட்கிறார்களா ரூபாயிலா என்று கேள்வியை ஒருமுறை படியுங்கள், 4.2 கேட்ட இடத்தில் 420000 போட்டால் சிரித்துவிட்டுத் தாண்டிவிடுவார்கள். சொல்லப் பிடிக்காமல் 0 போடுவது பலர் செய்யும் தந்திரம். அனுபவம் உள்ளவருக்கு 0 சம்பளம் என்றால் ஒன்று வடிகட்டலில் போகும், இல்லை பொய்யாகத் தெரியும். கட்டாயமில்லாத கேள்வி என்றால் விடுங்கள். கட்டாயம் என்றால் உண்மை எண்.

அப்னா போன்ற ஆப்களில் பேச்சு மாதச் சம்பளத்தில். வேலை அறிவிப்பிலேயே வரம்பு தெரியும் என்பது நல்ல விஷயம். '15,000 முதல் 28,000' என்று அகலமாகப் போட்டிருந்தால் மேல் எண் பெரும்பாலும் இன்சென்டிவ் சேர்ந்தது. ஃபோன் எடுத்ததும் முதல் கேள்வி 'ஃபிக்ஸட் எவ்ளோ?' என்பதாக இருக்கட்டும்.

கன்சல்டன்சிகள்

வேலை தேடுகிறவரிடம் பதிவுக் கட்டணம், முதல் மாதச் சம்பளத்தில் பாதி என்று கேட்கிற இடங்களை இந்த ரிவ்யூவில் சேர்க்கவே இல்லை. படி இறங்கி வந்துவிடுங்கள். முறையான கன்சல்டன்சிக்குக் காசு தருவது கம்பெனி. ஆண்டுச் சிடிசியில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது பரவலாக நடக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் நம் சம்பளம் ஏறினால் அவருக்கும் லாபம்தானே என்று தோன்றும். நடைமுறை வேறு. உங்களுக்கு இன்னும் 30,000 ஏற்றிக் கொடுத்தால் அவருக்குக் கூடுவது 2,500 ரூபாய். பேரம் இழுத்து ஆள் கைவிட்டுப் போனால் மொத்தமும் போகும். அவர் அவசரம் எல்லாம் சீக்கிரம் முடிப்பதில்தான்.

அவர்கள் கம்பெனிக்கு அனுப்பும் எக்செல் ஷீட்டுக்கு டிராக்கர் என்று பெயர். பெயர், மொத்த அனுபவம், இந்த வேலைக்கான அனுபவம், கரன்ட் சிடிசி, எக்ஸ்பெக்டட் சிடிசி, நோட்டீஸ் பீரியட், இருக்கும் இடம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒன்று காலியாக இருந்தாலும் கம்பெனி திருப்பி அனுப்பும் என்பது அவர்கள் பயம். நீங்கள் சொல்லாமல் விட்டால் ஒரு குத்துமதிப்பு எண்ணை அவர்களே போட்டுவிடும் ஆபத்து உண்டு. பிறகு இன்டர்வியூவில் ஹெச்ஆர் கேட்கும்போது நீங்கள் சொல்வது ஒன்று, ஷீட்டில் இருப்பது ஒன்று. பொய்யராகத் தெரிவது நீங்கள்.

இதற்கு மருந்து, ஃபோனில் சொன்னதை உடனே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவது. 'ஃபிக்ஸட் 3.60, வேரியபிள் இல்லை, சிடிசி 3.90 அனெக்சர்படி. எதிர்பார்ப்பு 5.0 ஃபிக்ஸட். நோட்டீஸ் 30 நாள். டிராக்கரில் இப்படியே போடவும்.' இரண்டு வரி போதும்.

அந்த எண்ணைத் தருவதற்கு முன் ஒரு சுற்று பேசிப் பார்க்கலாம். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"கரன்ட் எவ்ளோ ப்ரோ?"

"என் எக்ஸ்பெக்டேஷன் அஞ்சு, ஃபிக்ஸட்ல. இந்த ரோலுக்கு பட்ஜெட் எவ்ளோ வச்சிருக்காங்க?"

"பட்ஜெட்லாம் மேட்ச் ஆகும் ப்ரோ. கரன்ட் சொல்லுங்க, ஷீட்ல போடணும்."

"அஞ்சு வரைக்கும் போவாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. போவாங்கன்னா அனெக்சர்படி கரன்ட் அனுப்பிடுறேன்."

இரண்டு முறை இப்படித் தள்ளலாம். மூன்றாவது முறையும் தள்ளினால் அடுத்த ஆளுக்கு ஃபோன் போய்விடும். இங்கே நிலைமை அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு முறையில் நம் எதிர்பார்ப்பு முதலில் பதிவாகிவிடுகிறது. பேரம் 3.90-லிருந்து மேலே ஏறுவதற்கும் 5.0-லிருந்து கீழே இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் ஆஃபர் லெட்டரில் தெரியும்.

எதிர்பார்ப்புக்குக் காரணம் கேட்டால் 'இப்போ வாங்குறதுல 30 பர்சன்ட் ஏத்தி' என்று சொல்லாதீர்கள். அந்த வாக்கியமே பழைய சம்பளத்தை உள்ளே இழுத்துவிடும். வேலையின் கனத்தைச் சொல்லுங்கள்: ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில், இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி தனியாக ஃபைல் செய்யத் தெரியும், நைட் ஷிஃப்ட் வரத் தயார் என்பது போல. திருவொற்றியூரிலிருந்து ஓஎம்ஆருக்கு என்றால் போக்குவரத்தும் ஒரு காரணம்தான். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினாலும் பாதி வழிக்கு மேல் பஸ்ஸோ வண்டியோ தேவை. மாதவரம்–சிறுசேரி மெட்ரோ ஓடத் தொடங்கும் வரை அந்தச் செலவு இருக்கும்.

விதிவிலக்கும் உண்டு. நீங்கள் ஏற்கெனவே சந்தை விலையிலோ அதற்கு மேலோ வாங்குகிறீர்கள் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். குறைந்த பட்ஜெட் கம்பெனிகள் தாமாக விலகும், உங்கள் நேரம் மிச்சம். அரசுத் துறை, பொதுத்துறை வேலைக்கு இந்தப் பேரம் எதுவும் பொருந்தாது. ஊதிய விகிதம் வெளிப்படை.

சம்பளச் சீட்டு அனுப்பு என்று முதல் ஃபோனிலேயே கேட்கும் கன்சல்டன்சியிடம், எந்தக் கம்பெனிக்கு என்ற பெயர் தெரியாமல் அனுப்ப வேண்டாம். சீட்டு கேட்க வேண்டியது ஆஃபர் கட்டத்தில். அனுப்பும்போது பான், யுஏஎன் (பிஎஃப்-க்கான எண்), வங்கிக் கணக்கு எண்களை மறைத்து அனுப்புங்கள். 'கொஞ்சம் ஏத்திப் போடுங்க, சீட்டு நான் ரெடி பண்றேன்' என்று சொல்கிறவர் உங்கள் வேலையை விற்கிறார். மாட்டிக்கொண்டால் வேலை போவது உங்களுக்கு. அவர் ஒப்பந்தப்படி வேறொரு ஆளைக் கொடுத்துவிட்டு அடுத்த ஷீட்டுக்குப் போய்விடுவார்.

வாக்-இன் படிவம்

தொழிற்சாலை வாசலில் தரும் இரண்டு பக்கப் படிவத்தில் 'லாஸ்ட் டிரான் சாலரி' என்று ஒரு கட்டம் இருக்கும். கடைசிப் பக்கத்தின் அடியில், மேலே சொன்னது எல்லாம் உண்மை, தவறென்று தெரிந்தால் முன்னறிவிப்பின்றி நீக்கலாம் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி, அதன் கீழே உங்கள் கையெழுத்து. அந்த வரியை வைத்து யோசித்தால் விடை எளிது. கட்டத்தைக் காலியாக விடுவதோ 'நேரில் பேசலாம்' என்று எழுதுவதோ பொய் ஆகாது. ஏற்றி எழுதினால் ஆகும்.

ஓவர்டைம் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டம் சிக்கல். சட்டப்படி ஓவர்டைமுக்கு (ஓடி) இரட்டை விகிதம். மாதம் 22,000 கிராஸுக்கு மேல் 5,000 ஓடி சேர்ந்து வரும். சிடிசியில் அது சேராது. 'கிராஸ் 22,000, கடந்த 6 மாத ஓடி சராசரி 5,000' என்று தனித்தனியாக எழுதுங்கள். காண்ட்ராக்டர் பேரோலில் இருப்பவர்கள் சம்பளம் தருகிற காண்ட்ராக்டர் பெயரையும் வேலை பார்க்கும் பிளான்ட்டின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். பிளான்ட் பெயரை மட்டும் போட்டால் சரிபார்க்கும்போது அங்கே உங்கள் பெயரே இருக்காது.

சின்ன ஷிப்பிங் ஆஃபீஸ்களில் வங்கியில் 18,000, வவுச்சரில் 7,000 என்று பிரித்துத் தரும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வவுச்சர் பணத்துக்கு ஆதாரம் இல்லை, அதைச் சம்பளச் சீட்டில் உள்ளதுபோல் எழுதவும் முடியாது. ஆதாரம் உள்ளது 18,000, மொத்தம் கைக்கு வருவது 25,000 என்று வாயால் சொல்லுங்கள், எதிர்பார்ப்பை 25,000-த்தை வைத்துப் பேசுங்கள். இந்த ஊர்ப் பழக்கம் தெரிந்த ஹெச்ஆர் ஆச்சரியப்பட மாட்டார். ஓஎம்ஆர் ஹெச்ஆர் ஏற்கமாட்டார் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள்.

பிஎஃப் பாஸ்புக்

ஒளித்தது தெரியவருவது பெரும்பாலும் இங்கேதான். பிஎஃப் நிறுவனமான இபிஎஃப்ஓவின் பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதமும் எந்தச் சம்பளத்துக்குப் பிடித்தார்கள் என்று தனிப் பத்தியே இருக்கிறது. ஊழியர் பங்கு 2,400 என்றால் பேசிக் 20,000 என்று யாரும் சொல்லிவிடலாம். 1,800 என்றால் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. பேசிக் 15,000 ஆக இருக்கலாம், அல்லது அதற்கு மேலே இருந்தும் 2014 முதல் உள்ள 15,000 வரம்போடு கம்பெனி நிறுத்தியிருக்கலாம். சரிபார்ப்பவர்கள் யுஏஎன் வழியாக முக்கியமாகப் பார்ப்பது சேர்ந்த தேதி, விலகிய தேதி. சம்பளத்துக்குக் கடைசி மூன்று மாதச் சீட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள். ஓடிபி-யை யாருக்கும் தராதீர்கள். பாஸ்புக் தேவையென்றால் பிடிஎஃப் நீங்களே இறக்கிக் கொடுங்கள்.

பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால் இரண்டு கம்பெனியில் ஒரே நேரத்தில் இருந்ததுபோல் காட்டும். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆனதும் மெம்பர் போர்ட்டலில் 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்ஸிட்' வழியாக நீங்களே போடலாம். இன்டர்வியூவுக்குப் போகும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. போர்ட்டல் இலவசச் சேவை, ஓடுகிற நாளில் நன்றாகவே ஓடுகிறது. மாதக் கடைசியில் பொறுமை வேண்டும்.

தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையமும், வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களும் முழுக்க இலவசம். முகாமில் கம்பெனி மேசையிலேயே மாதச் சம்பளம் பெரும்பாலும் எழுதியிருக்கும், பழைய சம்பளக் கேள்விக்கு வேலை குறைவு. தொடக்கநிலை வேலைகளே அதிகம் என்பதால் ஐந்தாறு வருட அனுபவக்காரருக்கு அவ்வளவாக உதவாது.

கடைசியாக, 'டாக்ஸுக்கு வேணும், அதனாலதான் கேக்குறோம்' என்று இன்டர்வியூ கட்டத்தில் சொல்லும் ஹெச்ஆர்கள். பாதி உண்மை. நிதியாண்டின் நடுவில் மாறினால் முந்தைய கம்பெனி தந்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் புதுக் கம்பெனியிடம் தெரிவிப்பது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியே கழிவு கொடுத்து, ரிட்டர்ன் போடும்போது பாக்கி வரி வட்டியோடு வரும். 2025-26 புதிய வரிமுறையில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே இல்லை என்பதால் பலருக்கு அந்தக் கவலையும் இல்லை. இருந்தாலும் அது சேர்ந்த பிறகு பேரோல் பிரிவிடம் தரும் படிவம். அந்தக் கேள்வி வந்தால், "ஜாயின் பண்ணதும் பேரோலுக்குக் குடுத்துடுறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பற்றிய பேச்சுக்குத் திரும்புங்கள்.